மேடைக்குக் கீழே நடக்கும் கல்யாணம்

ஊர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒருமுறை நின்று பாருங்கள். படத்தில் இருக்கும் பெரியவரின் தோளோரம் வேறு யாருடைய பட்டுச்சேலை ஜரிகையோ ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னணியை நீலமாக மாற்றியிருந்தாலும், நெற்றிச் சந்தனமும் புதுச்சட்டையின் மடிப்பும் காட்டிக்கொடுத்துவிடும். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படம் அது.

நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் தமக்கென்று ஸ்டூடியோவுக்குப் போவதில்லை. ஆதாருக்கு எடுத்த படத்தைப் பெற்ற பிள்ளைகளாலேயே அடையாளம் காண முடியாது. ஆகவே ஒருவர் இறந்த அன்று வீட்டார் பரணிலிருந்து இறக்குவது பேத்தியின் கல்யாண ஆல்பத்தை. அதை மொபைலில் படம் பிடித்து ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர் பெரியவரின் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார்.

விழாக்களில் படம் எடுப்பவர் கற்கவேண்டிய பெரிய பாடம் இங்கே இருக்கிறது. பணம் கொடுப்பவர் பெண்ணின் அப்பா. படத்துக்கு மதிப்புப் போடுபவரோ, இருபது வருடம் கழித்து அந்த ஆல்பத்தைப் புரட்டப்போகும் ஒருவர். கல்யாணத்தன்று அவர் பிறந்திருக்கக்கூட மாட்டார். மேடை அலங்காரத்துக்கு எத்தனை லட்சம் ஆனது என்பது அவருக்கு வேண்டாம். யார் யார் வந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்பதுதான் வேண்டும். இந்தக் கணக்கு மனதில் ஏறிவிட்டால், எங்கே நிற்பது, யாரைக் கூப்பிடுவது, எதை அழிக்காமல் வைப்பது என்று ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பிக்கும்.

காதால் எடுக்கும் படம்

தாலி கட்டும் நேரம் சில விநாடிகள்தான். இன்னொரு டேக் கிடையாது. அந்தச் சில விநாடிகளுக்குள் மண்டபமே எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், முன்வரிசையிலிருந்து மொபைல்கள் உயரும். கேமராவில் கண்ணை ஒட்டிக்கொண்டு காத்திருப்பவர் பெரும்பாலும் கோட்டை விடுவார். அனுபவசாலிகள் காதைத் தீட்டி வைத்திருப்பார்கள். புரோகிதரின் குரலில் வேகம் கூடும். தவில்காரர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ ஒரு மாமா ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் எழுவதற்கு ஒரு மூச்சு முன்னதாகவே விரல் பட்டனில் இருக்க வேண்டும்.

நிற்கும் இடமும் முக்கியம். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது பல வீடுகளில் வழக்கம். பின்னால் விளக்குடன் நிற்பவரும் பெரும்பாலும் அவர்தான். முந்தைய நாளே அவரைப் பார்த்து, ‘அக்கா, நாளைக்குக் காலையில இந்தப் பக்கமா நின்னுக்கோங்க, உங்க முகமும் விழணும்’ என்று சொல்லி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேடையில் இரண்டு கேமரா இருந்தால் ஒன்று முடிச்சைப் பார்க்க வேண்டும். மற்றொன்று பெண்ணின் அப்பா, அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். முடிச்சுப் போடும் கை எல்லா ஆல்பத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த நேரத்து அப்பாவின் முகம் அந்த ஒரு ஆல்பத்தில் மட்டுமே இருக்கும்.

முக்கியமான கணம் எல்லா வீட்டிலும் தாலிதான் என்று நினைத்துக்கொள்வதும் ஆபத்து. கொங்குப் பகுதிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீருக்குத் தனி மரியாதை உண்டு. நகரத்தார் வீட்டில் திருப்பூட்டும், இசைவு பிடிமானம் எழுதுவதும் விட்டுப்போகக் கூடாதவை. நிக்காஹ் வீட்டில் பெண் வேறோர் இடத்தில் இருப்பார். சம்மதம் கேட்டு வருவதும், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் அங்கே நடக்கும். பெண்கள் பகுதியில் படம் எடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. தேவாலயத்தில் வாக்குறுதி நேரத்தில் பீடத்துக்கு அருகே நடமாடக் கூடாது என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கலாம். சுயமரியாதைத் திருமணத்தில் அக்னியும் கிடையாது, புரோகிதரும் கிடையாது. 1967-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவாகச் சேர்ந்து சட்ட ஏற்புப் பெற்ற முறை இது. அங்கே தலைவர் பேசிக்கொண்டே மாலையை எடுத்துக் கொடுத்துவிடுவார். பேச்சு எங்கே முடிகிறது என்பதைக் கவனித்தவருக்குத்தான் படம்.

இதையெல்லாம் யூடியூபில் கற்க முடியாது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கும் ஒரு அத்தை இருப்பார். சீர்த்தட்டு எத்தனை, தாய்மாமன் எப்போது வருவார், எந்தச் சித்தப்பா யாருடன் பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முதல் நாள் சாயங்காலம் அவரோடு ஒரு கால்மணி நேரம் உட்காருவது, ஒரு புது லென்ஸைவிட அதிகம் உதவும்.

வேட்டியும் பட்டும்

எண்பது, தொண்ணூறுகளின் கல்யாண வீடியோக்களில் எல்லோருக்கும் முகம் வியர்த்திருக்கும், கண் கூசியிருக்கும். காரணம் 1,000 வாட்ஸ் ஹாலஜன் விளக்கு. பந்தியில் இலைக்கு முன்னால் அந்த விளக்கைப் பிடித்து, வாயில் சோற்றுடன் இருப்பவரைத் திகைக்க வைத்த காட்சிகள் எத்தனையோ கேசட்டுகளில் உண்டு. இன்று அந்தச் சூடு இல்லை, வேறு தொல்லைகள் வந்துவிட்டன. மேடைக்காரர் ஊதாவும் சிவப்பும் கலந்து எல்இடி போட்டுவிடுவார். அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்த பிறகு கம்ப்யூட்டரில் தோலின் நிறத்தை மீட்பது பெரும்பாடு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்தின் பழைய ட்யூப்லைட்டுகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டரை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு விநாடியில் வைக்காவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

நம் கல்யாணத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை, பெண் அரக்குச் சிவப்புப் பட்டு, நடுவில் ஹோமப் புகை. கேமராவின் மீட்டர் வேட்டியின் வெள்ளையைப் பார்த்து ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவெடுத்து முகங்களை இருட்டாக்கும். பட்டைப் பார்த்தால் எதிர்த்திசையில் ஓடி வேட்டியை வெளுக்கடிக்கும். மீட்டர் சொல்வதை அப்படியே நம்பாமல் முகத்துக்கு அளவு பார்க்க வேண்டும். சேலைக்கரையின் விவரம் கொஞ்சம் போனாலும் போகட்டும். சேலை பீரோவில் இருக்கும்.

அந்த முகத்தின் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் லேப்களுக்கு அனுப்பிய வண்ண மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது. ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். அந்தத் தோலுக்கு எது சரியோ அதுவே எல்லோருக்கும் அளவுகோலானது. ஃபிலிம் போய்விட்டது, ஆசை போகவில்லை. ‘பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி’ என்ற கோரிக்கை இன்றும் வருகிறது. மென்பொருளில் அது ஒரு நிமிட வேலை. அப்படி வெளுத்த படத்தைப் பிறகு அந்தப் பெண்ணின் மகள் பார்க்கும்போது, ‘இது யாரும்மா?’ என்று கேட்பாள். மாநிறத்தை நல்ல வெளிச்சத்தில் மாநிறமாகவே அழகாகக் காட்டத் தெரிந்தவருக்கு இந்தக் கோரிக்கை வருவது தானாகவே குறைந்துவிடும்.

குரூப் போட்டோவைக் கேலி செய்யாதீர்கள்

2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. முழு ஹெச்டியில் வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் அது. பின்னணி மங்கிய, சினிமா போன்ற காட்சிகள் கல்யாண வீட்டுக்கு வந்தன. அதோடு கேண்டிட் அலையும் வேகம் பிடித்தது. வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பவர் ‘ட்ரெடிஷனல்’ ஆனார், கொஞ்சம் இளக்காரமாக. சிரிப்பையும் கண்ணீரையும் தெரியாமல் பிடிப்பவர் கலைஞர் ஆனார். சம்பளமும் அப்படியே பிரிந்தது.

கேண்டிட் படங்கள் வந்தது நல்லதே. மருதாணிக் கையை ஊதும் தங்கையும், பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடும் அண்ணனும் ஆல்பத்துக்குள் வந்தது அதனால்தான். ஆனால் ஒரு வீட்டில் ஆல்பம் பிரிக்கப்படும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். மணமக்களின் சூரியாஸ்தமனப் படங்கள் மளமளவென்று புரளும். குரூப் போட்டோ வந்ததும் விரல் நிற்கும். ‘இது ராமநாதபுரத்து பெரியம்மா’, ‘இவன் அப்ப ஆறாங்கிளாஸ்’ என்று முகம் முகமாக நகரும். கேண்டிட் படம் அந்த நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறது. குடும்பத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்குக் குரூப் போட்டோதான் சாட்சி.

அந்த வரிசையை அமைப்பது லேசான வேலையுமில்லை. உயரமானவர்களைப் பின்னால் தள்ளி, குழந்தைகளை முன்னால் உட்காரவைத்து, பொக்கேயை முகத்துக்கு நேரே பிடித்த மச்சானைத் திருத்தி, யாராவது கண் மூடியிருப்பார்கள் என்று மூன்று நான்கு தடவை எடுத்து, அடுத்த கூட்டம் படியேறுவதற்குள் முடிக்க வேண்டும். முன்பின் தெரியாத வீட்டில் இதைச் சாதிக்க ஒரே வழி உறவுமுறை சொல்லி அழைப்பது. பெண் யாரைப் பெரியப்பா என்கிறாளோ அவர் அன்றைக்குப் போட்டோகிராபருக்கும் பெரியப்பா. ‘சார், கொஞ்சம் தள்ளுங்க’ என்றால் முகம் சுளிப்பவர், ‘பெரியப்பா, இப்படி வாங்க, நீங்க நடுவுல நில்லுங்க’ என்றால் சிரித்துக்கொண்டே வருவார்.

அந்தக் குரலுக்கு இன்னொரு பலமும் உண்டு. கணவரை இழந்த பெண்கள் நல்ல காரியத்தின்போது மேடைக்கு வரக் கூடாது என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தனியாளாக நின்று மகனை வளர்த்து ஆளாக்கிய தாய், அவன் கல்யாணத்தில் தூணோரம் நிற்பார். உறவினர்களில் யாருக்காவது அவரைக் கூப்பிட மனசு இருக்கும். வாய் வராது, நாலு பேர் பேச்சுக்குப் பயம். போட்டோகிராபர் வெளியாள். ‘மாப்பிள்ளையோட அம்மா எங்கே? அம்மா, மேலே வாங்க, உங்க படம் இல்லாம ஆல்பம் முடியாது’ என்று மைக்குக்குப் போட்டியாகக் குரல் கொடுத்தால், அதைத் தடுக்க யாருக்கும் சட்டென்று வார்த்தை கிடைப்பதில்லை. அவர் தயங்கி ஏறுவார். மகன் நகர்ந்து இடம் விடுவான். சாதியும் சடங்கும் கட்டி வைத்த மேடையில், கேமரா பிடித்தவனுக்கு மட்டும் கிடைக்கும் சின்ன அதிகாரம் இது. அவர் உண்மையிலேயே வர விரும்பவில்லை என்று முகத்தில் தெரிந்தால் கீழே இறங்கிப் போய் எடுக்க வேண்டும். மகனையும் மருமகளையும் அவரிடம் அழைத்துப் போனால் அதுவும் குடும்பப் படம்தான். படியேற முடியாத தாத்தா பாட்டிகளுக்கும் இதே ஏற்பாடு.

எடுக்காமல் விட்ட படம்

வாய் நிறையச் சாப்பிடுபவர், சேலை விலகிய நேரம், மூலையில் வெடித்த சீர்ச் சண்டை. இவையெல்லாம் கேமராவைத் தாழ்த்த வேண்டிய இடங்கள் என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அதில் சேர்க்கவேண்டியது இன்ஸ்டாகிராம். குறிப்பாக மஞ்சள் நீராட்டு விழாக்கள். நகையும் மேக்கப்புமாகப் பெரிய பெண்ணைப்போல் நிறுத்தப்படும் அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அந்தப் படங்களை ரீல்ஸாக்கி ஸ்டூடியோ விளம்பரத்துக்குப் போடுவதை, அப்பா சம்மதித்தாலும், தவிர்ப்பதே தொழில் தர்மம்.

சட்டமும் இங்கே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். கேமரா பிடித்தவர் அல்ல. ஆகவே எழுத்தில் அனுமதி வாங்காமல் வாடிக்கையாளரின் கல்யாணத்தைத் தன் பக்கத்தில் போடும் ஸ்டூடியோ வம்பை விலைக்கு வாங்குகிறது.

36 படமும் 5,000 படமும்

பழைய யாஷிகா கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். பிறகு வந்த 35 எம்.எம். ஃபிலிமில் 36. ஒரு கல்யாணத்துக்குச் சில ரோல்கள் என்று பேசித்தான் போவார்கள். ஒவ்வொரு கிளிக்கும் காசு என்பதால் எடுப்பதற்கு முன்பே தேர்வு நடந்துவிடும். இன்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளுகிறார்கள். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ‘செலக்ட் பண்ணிக் கொடுங்க’ என்று கொடுத்தால், புதுமணத் தம்பதி மலைத்துப்போய் அதை அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆல்பமே வராத கல்யாணங்கள் இப்படித்தான் உருவாகின்றன. தானே முதலில் சலித்துச் சில நூறாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். தேர்வு என்பது எடுத்தவர் கடமையில் பாதி.

அப்படிக் குறைக்கும்போதும் ஒரு விதி. ஒருவர் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறார் என்றால், அழகில்லை என்பதற்காக அதை நீக்கக் கூடாது.

பத்திரப்படுத்துவது அடுத்தது. விஹெச்எஸ் கேசட்டுகளில் பூஞ்சை பிடித்தது. சிடியைப் போட்டுப் பார்க்க இன்று லேப்டாப்பில் இடமே இல்லை. காகித ஆல்பம் மட்டும் கரையானுக்குத் தப்பினால் கரண்ட் இல்லாமலும் திறக்கும். டிஜிட்டலுக்கு, அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்றாவது வேறு இடத்தில். எடுக்கும்போதே இரண்டு கார்டில் பதியும் கேமராவாக இருப்பது இன்னும் நல்லது. செலவே இல்லாத ஒரு வேலையும் உண்டு. விழாவுக்கு முன் எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் கோப்புகளை அடுக்கும்போது தாலிக்கு முன்பே மெட்டி போட்டிருப்பார்கள்.

ஆடியில் என்ன செய்வது?

ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காத்தாடும். புரட்டாசியிலும் பலர் கல்யாணம் வைப்பதில்லை. வளர்பிறை முகூர்த்தத்திலோ ஒரே நாளில் ஊர் முழுக்கக் கல்யாணம். பஞ்சாங்கம் பார்த்து வருமானம் வரும் தொழில் இது. லட்சங்களில் வாங்கிய கேமராவுக்கு மாதத்தவணை மட்டும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. 2020 ஊரடங்கில் திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று ஆனபோது, எத்தனையோ பேர் கேமராவை விற்று டெலிவரி வேலைக்குப் போனார்கள்.

தாக்குப்பிடித்தவர்கள் காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா, கட்சிக் கூட்டம் என்று பரப்பிக்கொண்டவர்கள். அவர்கள் கற்ற மற்றொரு பாடம், பேலன்ஸ் தொகை. கல்யாணம் முடிந்த மறுநாள் எந்த வீட்டிலும் பணம் இருக்காது. புக்கிங்கில் ஒரு பங்கு, விழாவன்று பெரும்பங்கு, ஆல்பம் கொடுக்கையில் மீதி என்று எழுதி வாங்காதவர் மாதக்கணக்கில் அலைவார்.

புக் செய்யும் முன் கேளுங்கள்

● காட்டிய மாதிரிப் படங்களை எடுத்தவரே வருவாரா, வேறு ஆளை அனுப்புவார்களா?
● பத்து அழகான படங்கள் வேண்டாம், ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்கள்.
● இரண்டாவது கேமராவும் பேக்கப்பும் உண்டா? கோப்புகளை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள்?
● ஆல்பம் எத்தனை ஷீட், எந்தத் தேதிக்குள்? எழுத்தில் இருக்கட்டும்.
● சமூக ஊடகத்தில் எந்தப் படத்தைப் போடலாம், எதைப் போடக் கூடாது?
● அவர்களுக்குச் சாப்பாடு எப்போது? கடைசிப் பந்திவரை பட்டினியாக நிற்பவருக்கு ரிசப்ஷனில் கை நடுங்கும்.

எல்லோர் கையிலும் கேமரா

மண்டபத்தில் இருக்கும் எல்லோரிடமும் கேமரா இருக்கும்போது போட்டோகிராபர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மொபைல் படங்கள் இன்று உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆனால் விருந்தாளி தனக்குத் தெரிந்தவர்களையே எடுப்பார். பெண்ணின் தோழிகள் பெண்ணை, பேரன்கள் தங்களை. தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து மொய் எழுதிவிட்டுப் போகும் தூரத்து உறவினரை எடுக்க யாருக்கும் தோன்றாது. தெரியாதவர்களையும் பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்கும் ஒரே ஆள் போட்டோகிராபர்தான். அந்தப் பார்வை இருக்கும்வரை தொழிலும் இருக்கும். மேடையை விட்டு இறங்காதவரின் வேலையை மொபைல் எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் பலர் முதலில் கேமராவுக்குக் கடன் வாங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு சீசன் யாரிடமாவது லைட் பிடியுங்கள். எடுப்பவர் எங்கே நகர்கிறார், யாரை எப்படிக் கூப்பிடுகிறார், எப்போது கேமராவைத் தாழ்த்துகிறார் என்று அங்கிருந்து தெரியும். அதோடு, அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் கூட்டத்தில் என்னென்ன நடக்கிறது என்பதும் தெரியும். லைட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கும் நாளில், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.